நோய் வராத நாற்றங்கால்

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிக்கு அருகே இருந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அஞ்சுகம் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூரில் பயிர் நோயியல் படித்துவிட்டு வந்தவள். அவள் அப்பா நெடுங்காட்டில் தபால்காரர். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "நெல்லு டாக்டரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் பண்ணையில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை நெல்லுக்கு நோய் வரவழைப்பது.

எண்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் அவள் பெயருக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே நூற்றிருபது காகித உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நெல், மேலே ஓர் எண். இவற்றில் இலையைக் கருக்கும் குலை நோயைத் தாங்கக்கூடியது எது என்று அவள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரகத்தையும் முழ நீளத்துக்கு ஒரு வரிசை விதைத்து, அவற்றைச் சுற்றியும் இடையிடையேயும் நோய் சட்டென்று பிடிக்கும் ரகத்தை விதைப்பது வழக்கம். யூரியாவை வேண்டிய அளவுக்கு மேலேயே போட்டு, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்து, இலை காயாமல் பார்த்துக்கொண்டால் காற்றில் வரும் பூஞ்சாணம் அதில் உட்கார்ந்து பெருகும். சுற்றி நிற்பதெல்லாம் கருகிப்போகும். அதற்கு நடுவில் எந்த வரிசை பச்சையாக நிற்கிறதோ அதுதான் தேடிய நெல்.

பண்ணை ஆள் சின்னப்பிள்ளைக்கு இது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஏழு வயதில் வயலில் இறங்கியவள், நாற்பத்தைந்து வயதுவரை நெல்லைக் காப்பாற்றியே பழகியவள்.

"பாப்பா, ஊருல எல்லாரும் நோவு வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிறாங்க. நாம அது வரலியேன்னு தண்ணி தெளிச்சிக்கிட்டிருக்கோம். மாரியாயி பாத்தா என்னா நெனப்பா?"

"நல்ல நெல்லுக்குத்தான பாடுபடுறோம், சின்னப்பிள்ளையக்கா. அவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டுப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். மனசில்லாமல் செய்தாலும் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

பண்ணைக்கு அக்கம்பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்களுக்கோ பயம். அதிலும் தங்கப்பன் என்பவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஐம்பது வயது மனிதர். ஐ.ஆர். ஐம்பது என்ற புது நெல்லை அந்தப் பக்கத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் அவர்தான். சன்ன அரிசி, சீக்கிரம் விளைச்சல் என்று வாய் ஓயாமல் சொல்லி, தன் கையாலேயே பதினோரு வீட்டுக்கு விதை அளந்து கொடுத்திருந்தார். அந்த வருஷம் தாளடியில், அதாவது இரண்டாம் போகத்தில், தெருவே அதைத்தான் நட்டிருந்தது. பக்கத்துப் பண்ணையில் ஒரு பெண் நோயை வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டதும் நேரே கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மனு பண்ணைக்கு வந்தது, புதுச்சேரிக்குப் போனது, அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் இத்தனை பேரும் பயந்த நோய் வரவில்லை.

அந்த வருஷம் மழை சீக்கிரமே விட்டுவிட்டது. வடக்கிலிருந்தும் கடல் பக்கத்திலிருந்தும் நாள் முழுக்கக் காற்று அடித்தது. சின்னப்பிள்ளை தெளிக்கிற தண்ணீர் அவள் அடுத்த பாத்தியைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். அஞ்சுகம் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் கொண்டுவந்திருந்த, குலை நோய்ப் பூஞ்சாணம் வளர்த்த கண்ணாடிக் குழாய்களிலோ வழியிலேயே வேறு பூசணம் ஏறிப் பச்சை பூத்துவிட்டது. விதைத்து மூன்று வாரம் ஆகியும் நூற்றிருபது வரிசையும் தளதளவென்று நின்றன. நோய் பிடிக்கும் ரகம்தான் எல்லாவற்றையும்விட அழகாக நின்றது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்து, "நாத்து என்னமா இருக்கு!" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவள் இன்னொரு பூவாளித் தண்ணீர் தெளித்தாள்.

புதுச்சேரியிலிருந்து அவளுடைய மேலதிகாரி தெட்சிணாமூர்த்தி தொலைபேசியில் கேட்டார்.

"என்னம்மா, புள்ளி விழுந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி ரகத் தேர்வுக் குழுவைக் கூட்டிக்கிட்டு வர்றேன். சுத்தி நிக்கிறது சாகலன்னா நடுவுல நிக்கிறது பொழைச்சதுக்கு என்ன அர்த்தம்? அவங்க கேப்பாங்கல்ல?"

"வந்துடும் சார்."

"எங்கேருந்து வரும்?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடியும் நாற்றங்காலுக்குப் போனாள்.

காரைக்கால் ஊருக்குள் ஆஸியா பீவியின் வீட்டு மாடி அறையில் அவள் குடியிருந்தாள். ஆஸியா பீவியின் கணவர் துபாயில் இருந்தார். அன்று மாலை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆஸியா பீவி இஞ்சி தட்டிப்போட்ட தேநீரோடு மாடிக்கு வந்தாள்.

"என்னா புள்ள, ஒடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நெல்லுக்குத்தான் ஒடம்பு நல்லா இருக்கு. அதான் கவலை."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஆஸியா பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நோய் வரணும்னு நான் எப்புடி துஆ கேப்பேன்? கேட்டா அல்லா என்னையல்ல ஒரு மாதிரியாப் பாப்பான்!" பிறகு கொஞ்சம் யோசித்து, "தண்ணி காஞ்சுபோவுதுன்னுதான சொல்ற? மூடி வைக்க எதாச்சும் வேணுமா? இவுக அனுப்புன சாமான் சுத்தி வந்த பிளாஸ்டிக் தாள் பரண்ல கெடக்கு. வீட்டையே மூடலாம்" என்றாள்.

மறுநாள் அஞ்சுகம் அந்தத் தாளைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டே பேருந்தில் ஏறினாள். மாலையில் மூடினாள், காலையில் திறந்தாள். தாளுக்கடியில் இலையெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. நோய் மட்டும் இல்லை. பூஞ்சாண வித்து வந்து விழாமல் ஈரம் மட்டும் இருந்து என்ன பயன்?

கடைசியில் அவள் வெட்கத்தை விட்டு ஊர் ஊராகப் போனாள். கோட்டுச்சேரியில் தொடங்கி, ஒவ்வொரு வரப்பாக நின்று, "உங்க வயல்ல எங்கயாச்சும் இலையில கண்ணு மாதிரி புள்ளி இருக்குங்களா? நடுவுல சாம்பல் நெறம், ஓரம் பழுப்பு" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். "எங்க வயல்லயா? அதெல்லாம் கெடையாதும்மா." அரசாங்கத்து ஆள் வந்து நோய் இருக்கிறதா என்று கேட்டால் எவர்தான் இருக்கிறது என்பார்? ஒருவர் மோர் கொடுத்து உபசரித்து, நோய் இல்லாததற்காக வருத்தமும் தெரிவித்தார்.

மார்கழி பிறந்து ஆறாம் நாள். நல்ல உச்சிவேளை. சின்னப்பிள்ளை சாப்பிடப் போயிருந்தாள். அஞ்சுகம் நாற்றங்கால் ஓரம் குந்தி, கையில் பூதக்கண்ணாடியோடு, இல்லாத புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தாள். வேலி ஓரமாகத் தங்கப்பன் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டுக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. கத்த வேண்டும்போல் கோபம், கத்தினால் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில் அவர் குரல் ஒரு மாதிரி சீறலாக வந்தது.

"ஏம்மா, நான் அப்பவே மனு கொடுத்தேன்ல? இப்ப பாரு, நீ வளத்த நோயி என் வயலுக்கு வந்துடுச்சு!"

துண்டை உதறினார். ஒரு கை நெல் இலை விழுந்தது.

அஞ்சுகம் ஓர் இலையை எடுத்துப் பார்த்தாள். கண் வடிவத்தில் புள்ளிகள். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. பாடப் புத்தகத்தில் வரைந்து வைத்ததுபோல் இருந்தது.

"ஐயா!" என்று கத்தியேவிட்டாள். "இது எங்கங்க? எவ்வளவு இருக்கு? நெறைய இருக்கா?"

தங்கப்பன் ஓரடி பின்னால் போனார். வயல் நாசமாகிறது என்று சண்டைக்கு வந்தவரைப் பார்த்து, குழந்தை பிறந்த செய்தி கேட்டவள்போல் ஒருத்தி சிரித்தால் அவர் என்ன செய்வார்?

"என்னாம்மா சிரிக்கிற? எங்குடி கெடுறது உனக்குச் சிரிப்பா இருக்கா?"

அஞ்சுகத்துக்குச் சுரீரென்றது. எழுந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. தப்புதான். நீங்களே வந்து இந்த நாத்தங்காலப் பாருங்க. ஒரு புள்ளி இருந்தாலும் நான் பொறுப்பு."

அவர் வேலியைத் தாண்டி வந்தார். குனிந்து பார்த்தார். இலையைப் பிரித்துப் பார்த்தார். நெல் தெரிந்த மனிதர். நாலு வரிசை பார்ப்பதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இதுல ஒண்ணுமே இல்லியே!"

"அதத்தாங்க ஒரு மாசமாத் தேடுறேன். காத்து எங்கேருந்துங்க அடிக்குது?"

"வாடை. வடக்கேருந்து."

"உங்க வயல்?"

அவர் கை தானாக வடக்குப் பக்கம் நீண்டது. பாதியில் நின்றது. மெல்லக் கீழே இறங்கியது.

"அப்ப இங்கேருந்து வரலங்கிற."

"வர முடியாதுங்க. அங்கேருந்துதான் இங்க வந்திருக்கணும். அதுவும் வரல."

தங்கப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கோபம் போன இடத்தில் இப்போது பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இந்த நெல்லுக்கே வர்ற நோயாம்மா அது?"

"இந்த ரகத்துக்குக் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கும்ங்க. பயப்படாதீங்க. ஆரம்பத்துலயே பாத்துட்டீங்க. காப்பாத்திடலாம்."

வயலுக்குப் போனார்கள். தங்கப்பனின் மனைவி அல்லி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். வடகிழக்கு மூலையில் ஆறு தென்னைகள். அவற்றின் நிழலில் உச்சிவேளையிலும் பயிர் ஈரமாக இருந்தது. பாய் விரிக்கிற அளவு இடத்தில் நோய் நன்றாகப் பிடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம். அஞ்சுகம் அந்தத் தென்னைகளையும் பயிரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நிழல், காற்றுக்கு மறைப்பு, காயாத பனி. அவளுடைய வெட்டவெளி நாற்றங்காலில் இல்லாத மூன்றும் இங்கே இருந்தன.

மேலுரமாக யூரியா போடக் கூடாது, நோய் பிடித்த இலையை அறுத்து அப்புறப்படுத்த வேண்டும், மீதி வயலுக்கு மருந்து தெளிக்க வேண்டும் என்று சொன்னாள். தெளிப்பானைப் பண்ணையிலிருந்து தருவதாகவும் சொன்னாள்.

"அறுக்கிற இலைய நான் எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்க தாயி. ஒண்ணே ஒண்ணு." தங்கப்பன் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாத. பதினோரு வீட்டுக்கு நான்தான் வெத கொடுத்தேன். என் வாயாலதான் புகழ்ந்தேன்."

அஞ்சுகம் தயங்கினாள். கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டால் இலை கிடைக்கும். குழு வரும்போது தலை நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் பதினோரு வயலிலும் இதே நெல். இந்த வாரமே எல்லோரும் மேலுரம் போடப்போகிறார்கள்.

"ஐயா, அவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியாதுங்க. இப்ப யூரியா போட்டா தீ மாதிரி பரவும். நீங்க இலைய கொடுக்கலன்னாலும் பரவால்ல, நான் சொல்லித்தான் ஆவணும்."

தங்கப்பன் வேறு பக்கம் பார்த்தார். அல்லிதான் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"வெத கொடுக்கறப்ப வீடு வீடா நீங்கதான போனீங்க? இப்பவும் நீங்களே போங்க. இல்லன்னா நான் போறேன். நான் போனா எப்புடிச் சொல்லுவேன்னு உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரிந்திருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீட்டில் அவருக்கு நாக்கு எழவில்லை. இரண்டாம் வீட்டில் பாதி சொன்னார். மூன்றாம் வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம், ஏற்கெனவே தன் வயலில் புள்ளியைப் பார்த்துவிட்டு, சொன்னால் தங்கப்பன் மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் தங்கப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆறாவது வீட்டுக்குப் போகும்போது இலையைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு மாதிரி இருக்கா? நடுவுல சாம்பலா? அப்ப இது குலை நோயி. மேலுரத்த நிறுத்துங்க" என்று கண்டிப்பாகவே பேசினார். பதினோராவது வீட்டில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் அவரும் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்ததாகவே நினைத்திருப்பார்கள்.

மறுநாள் மாலை பண்ணைக்கு ஒரு சாக்கு நோய் இலை வந்தது. கூடவே தங்கப்பன் வண்டியில் எட்டுத் தென்னங்கீற்றுத் தட்டிகள்.

"காத்துதான எதிரி? வடக்கயும் கெழக்கயும் மறச்சிட்டா?" என்றார்.

அஞ்சுகமும் அதையேதான் யோசித்து வைத்திருந்தாள். தட்டிகளை நட்டார்கள். சின்னப்பிள்ளை இலைகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, விபூதி தூவுவதுபோல நாற்றின்மேல் தூவினாள். மேலே ஆஸியா பீவியின் தாள் ஏறியது. திருஞானசம்பந்தம் வேறு வந்து நின்று, தாளின் ஓரத்தில் காற்று புகாதிருக்க மண் அணைத்தார். நோய்க்கு எதிராக மனு போன தெருவிலிருந்து வந்தவர்களே இப்போது அதற்குக் கதகதப்பாக இடம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் காலை அஞ்சுகம் பேருந்தை விட்டு இறங்கி வந்தபோது, சின்னப்பிள்ளை பாதிவழிக்கு ஓடிவந்தாள்.

"பாப்பா, வந்துடுச்சு! கொள்ளையா வந்துடுச்சு!"

சொன்ன பிறகு தன் சந்தோஷத்தைத் தானே நம்ப முடியாமல் வாயில் அடித்துக்கொண்டாள்.

ஓரத்து வரிசைகளில் ஊசிமுனைபோல் புள்ளிகள். இரண்டு நாளில் அவை கண்களாக விரிந்தன. பத்து நாளில் ஒன்றோடொன்று சேர்ந்து இலைகள் காய்ந்து சுருண்டன. சுற்று வரிசைகள் முழுக்க நெருப்பு பட்டதுபோல் ஆயின. அஞ்சுகம் நாற்றங்காலில் குந்தியபடியே நகர்ந்து ஒவ்வொரு வரிசைக்கும் எண் போட்டாள். புள்ளியே இல்லையென்றால் சுழியம், செத்துவிட்டால் ஒன்பது. ஒன்பது, எட்டு, ஒன்பது, ஏழு என்று போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்தேழாம் வரிசையில் அவள் பென்சில் நின்றது. முழ நீளத்துக்குப் பச்சை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பழுப்பில் கடுகு போலச் சில பொட்டுகள், அவ்வளவுதான். பூஞ்சாணம் உள்ளே நுழையப் பார்த்துத் தோற்றுப்போன இடங்கள். 'ஒன்று' என்று எழுதினாள். அதேபோல எண்பத்தெட்டு. அதேபோல நூற்றுப் பன்னிரண்டு.

நூற்றிருபதில் மூன்று.

குழு வந்த அன்று தெட்சிணாமூர்த்தி நாற்றங்காலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா, இவ்வளவு அழகான குலை நோயை நான் சர்வீஸ்ல பார்த்ததில்லை" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கூடியிருந்த தெருக்காரர்களிடமிருந்து ஒரு குரல் வந்தது. "எங்க வயல் நோயிங்க அது!"

தங்கப்பன்தான். வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே அவரை உள்ளே வரச் சொல்ல, அவர் வந்து, தென்னை நிழலில் ஆரம்பித்து தட்டிவரை எல்லாவற்றையும் விவரித்தார். மனு கொடுத்ததை மட்டும் விட்டுவிட்டார். தெட்சிணாமூர்த்தி அந்த மனுவை நன்றாகவே படித்தவர். அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அந்த நாப்பத்தேழ எனக்கு ஒரு படி கொடுங்க. போற தாளடிக்கு நட்டுப் பாத்துடுறேன்" என்றார் தங்கப்பன்.

"ஒரு படி எங்கங்க இருக்கு? ஒரு பிடிதான் இருக்கு" என்றாள் அஞ்சுகம். "அதுவும் மோட்டா அரிசி. நம்ம சன்ன நெல்லோட ஒட்டுச் சேக்கணும். பல வருஷம் ஆவும்."

"ஆவட்டும். நான் எங்க போவப்போறேன்?"

அந்தத் தாளடியில் தங்கப்பனுக்குத் தென்னைமர மூலை போயிற்று. மீதி வயல் நன்றாகவே விளைந்தது. பதினோரு வீட்டில் நாலு வீட்டு வயலில் புள்ளி வந்தது, மருந்தோடு நின்றது. மேலுரத்தை நிறுத்தியதால் எல்லோருக்கும் கொஞ்சம் விளைச்சல் குறைந்தது. அதற்காக யாரும் தங்கப்பனைக் குறை சொல்லவில்லை. சொல்ல நினைத்தவர்களும் அல்லிக்குப் பயந்து சொல்லவில்லை.

நாற்பத்தேழும் எண்பத்தெட்டும் புதுச்சேரி வழியாகக் கோயம்புத்தூர் போய் ஒட்டுக்குச் சேர்ந்தன. நூற்றுப் பன்னிரண்டு அடுத்த வருஷச் சோதனையில் தோற்றுப்போனது. அஞ்சுகத்துக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அது தோற்றதைக் கண்டுபிடித்ததும் அவள்தான் என்று தெட்சிணாமூர்த்தி சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறு வருஷம் ஐப்பசியில் பண்ணை அலுவலகத்து வாசலில் தங்கப்பனும் திருஞானசம்பந்தமும் உரக்க வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அஞ்சுகம் பதறி வெளியே வந்தாள்.

"நீயே கேளும்மா இந்த நியாயத்த" என்றார் திருஞானசம்பந்தம். "போன வருஷம் இவர் வயல் நோய எடுத்துக்கிட்டீங்க. இந்த வருஷம் எங்க வயல்லேருந்துதான் எடுக்கணும்."

"அவுரு வயல்ல நெழலே இல்லம்மா. நோயி நிக்காது" என்றார் தங்கப்பன்.

"ஏன் நிக்காது? நல்லா நிக்கும்!"

சின்னப்பிள்ளை பூவாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஞ்சுகம் இருவரையும் உள்ளே உட்காரவைத்துத் தேநீர் வாங்கிவரச் சொன்னாள். பிறகு அந்த வருஷம் வந்திருந்த நூற்றைம்பது உறைகளை மேசைமேல் பரப்பி, யார் வயலில் முதலில் புள்ளி விழுகிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள்.